கிளினிக்கில் ஏசுவதற்கு முன் ஒரு கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சீனி வருத்தம் உள்ள வயதானவர்கள் ஒழுங்காகக் குளிசை குடிப்பதில்லை என்று கிளினிக்குகளில் ஏச்சு விழுந்துகொண்டேதான் இருக்கிறது. ஏன் குடிக்கவில்லை என்று உட்கார வைத்துக் கேட்கிறவர்கள் குறைவு.

இலங்கை மலையகத்தில் ஹட்டன், பொகவந்தலாவைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் அறுபதைத் தாண்டியும் கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கப் போகிற அம்மாமார் இருக்கிறார்கள். விடியுமுன் எழும்பி, வீட்டு வேலையை முடித்து, வெறும் தேத்தண்ணியோடு மலைக்கு ஏறினால் ரொட்டியைக் கடிப்பது பத்து மணிக்கு மேல்தான். மருந்து உறையிலோ காலைச் சாப்பாட்டுக்கு முன் என்று இருக்கும். கிளிக்ளசைட் மாதிரியான குளிசை, சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் இரத்தத்தில் சீனியைக் குறைக்கிற இன்சுலினை உடம்பில் சுரக்க வைக்கும். அதை ஆறு மணிக்குப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் ஏற்றத்தில் ஏறினால் சீனி மளமளவென்று இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, கண் இருட்டிவிடும். சிறுநீரகம் தளர்ந்த வயதில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். சரிவில் ஒருமுறை விழப் பார்த்த மனுஷி மறுநாள் அந்தக் குளிசையைத் தொடுவாரா? பயந்துபோய் நிறுத்தியவரைப் பார்த்துச் 'சொல் கேட்காதவர்' என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

சீனி வருத்தத்துக்குக் கொடுக்கிற இன்னொரு குளிசையான மெட்போர்மினில் சிக்கல் வேறு. சிலருக்கு வயிற்றைக் கலக்கும். தேயிலை மலையில் கக்கூஸுக்கு எங்கே போவது? அதனால் வேலை நாளில் விட்டுவிட்டு, வீட்டில் இருக்கும் நாளில் மட்டும் குடிப்பார்கள். சாப்பாட்டோடு எடுத்தால் இந்தத் தொல்லை குறையும், மெதுவாகக் கரைகிற வகையும் இருக்கிறது, ஆனால் டாக்டரிடம் சொன்னால்தானே வழி பிறக்கும். அவ்வளவு கூட்டத்தில், சிங்களம் பேச வராத ஒரு பாட்டி கக்கூஸ் பிரச்சினையை யாரிடம் சொல்வார்? தமிழ் 1987 இலேயே அரசகரும மொழியாகிவிட்டது, இன்னும் மருந்து உறையைப் பேரப்பிள்ளையிடம் காட்டித்தான் வாசிக்க வேண்டியிருக்கிறது.

இது நம் ஆட்களின் குறை மட்டுமல்ல. பணக்கார நாடுகளிலேயே நாட்பட்ட நோயாளிகளில் பாதிப் பேர்தான் மருந்தை ஒழுங்காக எடுக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003 இலேயே எழுதியது.

அதிகாரிகளிடம் நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கிற காரியம் இல்லை. எத்தனை மணிக்கு எழும்புகிறார், முதல் சாப்பாடு எப்போது என்பதைக் கேட்டு கிளினிக் கொப்பியில் ஒரு வரி எழுதட்டும், அதைப் பார்த்து மருந்தின் நேரத்தைத் தீர்மானிக்கட்டும். உறையில் தமிழிலும் எழுதட்டும்.

அப்புறம் பிள்ளைகளுக்கு ஒன்று. அம்மாவின் குளிசையை நீங்களாக நிறுத்தவோ பாதியாக்கவோ வேண்டாம், தலைச்சுற்று வருகிறது என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். மலைக்குப் போகும்போது, சீனி இறங்கிக் கை நடுங்கினால் உடனே வாயில் போட, பையில் கொஞ்சம் சீனியோ இரண்டு டொபியோ இருக்கட்டும். வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்கிற நாளில், சாப்பாட்டுக்கு முன் போடும் குளிசையையும் கையோடு கொண்டுபோய், இரத்தம் கொடுத்த பிறகு, சாப்பாடு கையில் இருக்கும்போது போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பொகவந்தலாவை வாசகி