மூளையில் நாடாப்புழுக் கட்டி குறித்துப் பெற்றோருக்குத் தலைமையாசிரியர் எழுதும் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

இரண்டு வாரங்களுக்கு முன் காலை இறைவணக்கக் கூட்டத்தில் நம் பள்ளிக் குழந்தை ஒன்றுக்கு வலிப்பு வந்ததையும், ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது மூளையில் நாடாப்புழுவின் சிறு கட்டி ஒன்று இருப்பது தெரிந்ததையும் உங்களில் பலர் அறிவீர்கள். குழந்தையின் பெற்றோரிடம் அனுமதி பெற்ற பிறகே இதை எழுதுகிறேன். அன்று முதல் என்னைப் பார்க்க வந்தவர்களில் சிலர் அந்தக் குழந்தையைத் தனியே உட்கார வைக்கச் சொன்னார்கள். சிலர் சத்துணவில் முட்டைகோஸ் போடுவதை நிறுத்தச் சொன்னார்கள். குடற்புழு நீக்க நாளில் பள்ளியில் கொடுத்த மாத்திரையால்தான் இப்படி ஆயிற்றா என்று ஒரு தாய் கண் கலங்கிக் கேட்டார். பிள்ளைகள் மேல் உள்ள அக்கறையால் எழுந்த கேள்விகள் இவை. நிதானமாகப் பதில் சொல்வது என் கடமை.

பன்றி நாடாப்புழு எனப்படும் இந்தப் புழு முழுதாக வளர்வது மனிதரின் சிறுகுடலில் மட்டுமே. 2 முதல் 7 மீட்டர் நீளம் வரை வளர்ந்து ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்கிவிடும். வைத்திருப்பவருக்குப் பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் தெரியாது. அதன் உடலிலிருந்து கழன்று விழும் துண்டுகளில் உள்ள ஆயிரக்கணக்கான முட்டைகள் அவருடைய மலத்தோடு வெளியேறுகின்றன. திறந்தவெளியில் கிடக்கும் அந்த மலத்தைத் தின்னும் பன்றியின் தசையில் முட்டைகள் நீர்க்கட்டிகளாகின்றன. அந்த இறைச்சியை அரைவேக்காட்டில் உண்பவரின் குடலில் மறுபடியும் புழு வளர்கிறது. இதுவரை சொன்னதில் மூளைக்கு இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள். மூளையில் கட்டி வருவது இறைச்சியைத் தின்பதால் அன்று, குடலில் புழு உள்ள ஒருவரின் மலத்திலிருந்து வந்த முட்டைகள் கையோடும் தண்ணீரோடும் கழுவாத காய்கறியோடும் நம் வாய்க்குள் போவதால். அவை குடலில் பொரிந்து, இரத்தத்தில் கலந்து, தசைக்கும் கண்ணுக்கும் மூளைக்கும் போய்ச் சேர்கின்றன.

எனவேதான் பிறந்ததிலிருந்து சைவமே உண்ணும் வீட்டுக் குழந்தைக்கும் இந்நோய் வருகிறது. 1990களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், சமயக் கட்டளைப்படி பன்றி இறைச்சியைத் தொடவே தொடாத யூத சமூகத்தினர் நால்வருக்கு இதே நோய் கண்டுபிடிக்கப்பட்டது. வீட்டு வேலைக்கு வந்த பணியாளர்களின் குடலில் இருந்த புழுவின் முட்டைகள் வழியாகப் பரவியிருக்க வேண்டும் என்று ஆய்ந்தவர்கள் முடிவுசெய்தார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் நம் சத்துணவு அம்மாக்களைச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டாம். புழு உள்ளவர் நம் சொந்த வீட்டிலேயே, நாமாகவே கூட இருக்கலாம்.

நம் வேலூர் மாவட்டத்துக்கும் இந்நோயை அறிந்த வரலாற்றுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1980களில், வலிப்பு வந்த பிள்ளைகளின் சி.டி. ஸ்கேனில் தெரிந்த சிறு புள்ளியைக் காசநோய்க் கட்டி என்றே நாடெங்கும் பல மருத்துவர்கள் கருதி, அதற்கான மருந்துகளைக் கொடுத்துவந்தார்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள் சாண்டி, ராஜசேகர் முதலானோர் அத்தகைய கட்டிகளை எடுத்துச் சோதித்து, அவற்றில் பெரும்பாலானவை நாடாப்புழுவின் கட்டிகளே என்று நிறுவினார்கள். இந்நோய் நிலைகொண்டுள்ள நாடுகளில் வலிப்பு நோயாளிகளுள் சுமார் 30 விழுக்காட்டினருக்கு இதுவே காரணம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

குழந்தைக்கு நேர்ந்திருப்பது ஒற்றைச் சிறு கட்டி. நம் நாட்டுப் பிள்ளைகளிடம் மிகுதியாகக் காணப்படும் வகை இதுதான். பெரும்பாலும் சில மாதங்களில் சுருங்கி மறைந்துவிடக்கூடியது. மூளையில் உள்ள கட்டியிலிருந்து முட்டை எதுவும் வெளியே வருவதில்லை. ஆகையால் பக்கத்தில் உட்கார்வதாலோ, ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, வலிப்பின்போது வாயில் வரும் நுரையாலோ இது யாருக்கும் தொற்றாது. தனியே உட்கார வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

மாத்திரையைப் பற்றிக் கேட்ட தாய்க்குச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். குடற்புழு நீக்க நாளில் கொடுக்கும் 400 மில்லிகிராம் அல்பெண்டசோல், உருண்டைப்புழு, கொக்கிப்புழு போன்றவற்றுக்கானது. அது மூளையில் கட்டியை உண்டாக்காது. கட்டி மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ ஓசையின்றி இருந்து, உள்ளே புழு சாகத் தொடங்கி அதைச் சுற்றி வீக்கம் ஏற்படும்போதுதான் பெரும்பாலும் வலிப்பு வருகிறது. ஆனால் ஏற்கெனவே கட்டி உள்ள பிள்ளைக்கு இதே மருந்து அந்த வீக்கத்தைக் கிளறிவிட வாய்ப்புண்டு என்பதால்தான் மருத்துவர்கள் இதைத் தேவைப்படும்போது, வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்தின் துணையோடு, தங்கள் கண்காணிப்பில் கொடுக்கிறார்கள். ஆகவே வலிப்பு வந்த வரலாறோ, விடாத தலைவலியும் வாந்தியுமோ உள்ள பிள்ளையின் பெற்றோர் வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே தெரிவியுங்கள். மருத்துவரைக் கேட்காமல் அப்பிள்ளைக்கு மாத்திரை கொடுக்க மாட்டோம். ‘பூச்சி மருந்து’ என்று கடையில் நீங்களாக வாங்கிக் கொடுப்பதையும் நிறுத்துங்கள்.

முட்டைகோசின் மேல் குற்றமில்லை. மலம் கலந்த மண்ணோ சாக்கடை நீரோ பட்ட எந்தக் காயிலும் கீரையிலும் முட்டை ஒட்டியிருக்கலாம். நன்கு கழுவி வேகவைத்தால் அது அழிந்துவிடும். பயப்பட வேண்டியது பச்சையாகத் தின்னும் கேரட், வெள்ளரி, கொத்தமல்லி போன்றவற்றைக் கழுவாமல் தின்பதற்குத்தான். சத்துணவில் முட்டைகோஸ் தொடரும்.

இந்த இடத்தில் எங்கள் தவற்றையும் சொல்லியாக வேண்டும். மாணவர் கழிப்பறைக் குழாயடியில் பல மாதங்களாகச் சோப்பு இல்லை. அதைக் கவனித்திருக்க வேண்டியவன் நான். இப்போது வைக்கப்பட்டிருக்கிறது, மதிய உணவு மணிக்குப் பத்து நிமிடம் முன்னதாக வகுப்பு வகுப்பாகக் கை கழுவ அனுப்புகிறோம், நகம் வெட்டியிருப்பதைத் திங்கள்தோறும் பார்க்கிறோம். வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது இதைவிடக் கடினமானது. கழிப்பறை கட்டியும் அதில் விறகு அடுக்கிவிட்டு ஏரிக்கரைக்குப் போகும் வழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. அந்தக் கரையில்தான் பன்றிகள் மேய்கின்றன, நம் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். மலத்தில் வெள்ளை நாடாத் துண்டு போல எதையேனும் கண்டவர்கள் வெட்கப்படாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். குடலில் உள்ள புழுவை மருத்துவர் தரும் ஒரே வேளை மருந்தால் போக்கிவிட முடியும்.

அன்று கூட்டத்தில் யாரோ ஓடிவந்து குழந்தையின் கையில் இரும்புச் சாவியைத் திணித்தார்கள். அதனால் எந்தப் பயனும் இல்லை. வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் மெத்தென்று ஏதேனும் வைத்து, வாய்க்குள் கரண்டியோ தண்ணீரோ எதுவும் புகுத்தாமல், நேரத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108-ஐ அழையுங்கள்.

குழந்தை வரும் திங்கட்கிழமை பள்ளிக்குத் திரும்புகிறது. காலையும் இரவும் வீட்டில் மாத்திரை போட்டுக்கொண்டு, வழக்கமான அதே பெஞ்சில், அதே தோழர்களுக்கு நடுவில் உட்காரும். ‘உனக்கு என்ன நோய்’ என்று கேட்க வேண்டாமென்று உங்கள் பிள்ளைகளிடம் ஞாயிறன்றே சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்