கோயில் வழக்கும் கணினி வழக்கும்: நெதர்லாந்தின் டில்பர்க்கில் படிக்கும் மகனுக்கு

அன்புள்ள தம்பி,

உன் ஆய்வுத் திட்டத்தை ஜூனியரிடம் அச்செடுக்கச் சொல்லி, வாய்தா வாங்கின கையோடு பார் ரூமிலேயே உட்கார்ந்து படித்தேன். எழுத்து நன்றாக வந்திருக்கிறது, அடிக்குறிப்புதான் கட்டுரையைவிட நீளம். ஆனால் தலைப்பை மாற்றச் சொல்லப்போகிறேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் கடைசிவரை படி.

செயற்கை நுண்ணறிவைச் சட்டம் ஒரு நபராக ஏற்கலாமா என்று கேட்கிறாய். ‘மின்னணு நபர்’ என்றொரு தகுதியைப் பரிசீலிக்கும்படி 2017 பிப்ரவரியில் ஐரோப்பிய நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது, மறு ஆண்டே நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வல்லுநர்கள் அது கூடாதென்று பகிரங்கக் கடிதம் எழுதினது எல்லாவற்றையும் ஒழுங்காகச் சேர்த்திருக்கிறாய். (சவுதி அரேபியா ஒரு ரோபோவுக்குக் குடியுரிமை கொடுத்த கூத்தை விட்டுவிட்டாய், சந்தோஷம்.) ஆனால் கும்பகோணத்தில் சிவில் பக்கம் காலம் தள்ளுகிற எனக்கு, மனுஷரல்லாத ஒருவர் வழக்குப் போடுவதில் என்னடா அதிசயம்? என் அலமாரியில் இருக்கிற கட்டுகளில் பாதிக்கு வாதி சுவாமிதான். ‘திருக்கோயில், செயல் அலுவலர் மூலம்’ என்றுதான் பிராதே ஆரம்பிக்கும்.

பத்தூர் நடராஜர் வழக்கைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதாதது எனக்கு ஆச்சரியம். நம் பக்கத்து ஊர் வழக்கு, அதுவும் லண்டனில் நடந்தது. 1976-ல் இடிந்து கிடந்த கோயில் பக்கம் மண்ணிலிருந்து கிடைத்த சிலை, கைமாறிக் கைமாறிப் போய், 1982-ல் பம்பர் என்ற கனடாக் கம்பெனி கைக்கு வந்தது. லண்டன் போலீஸ் அதைக் கைப்பற்றியதும் கம்பெனி வழக்குப் போட்டது. எதிரில் உரிமை கோரி நின்றவர்களில் கோயிலும் ஒருவர். 1991-ல் அங்கே அப்பீல் நீதிமன்றம் சொன்னது இதுதான்: இங்கிலாந்துச் சட்டத்தில் கோயில் ஒரு நபர் இல்லைதான், ஆனால் அதன் சொந்த ஊர்ச் சட்டம் நபர் என்று ஏற்பதால் இங்கேயும் அது வழக்காடலாம். கற்குவியலாய்க் கிடந்த கோயில் ஜெயித்து, நடராஜர் ஊர் திரும்பினார்.

அந்தக் கற்குவியல் எப்படிப் பேசிற்று என்று பார். தக்கார் ஒருவர் இருந்தார், அதாவது அறங்காவலர் இல்லாத கோயிலைப் பார்த்துக்கொள்ள நியமிக்கப்படுகிறவர். பெயர் உண்டு, கையெழுத்து உண்டு, கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்யலாம், கணக்குத் தப்பினால் நீக்கலாம். சுவாமி ஒரு நபர் என்பதில் எங்கள் கோர்ட்டில் யாரும் மல்லுக்கு நிற்பதில்லை. பரம்பரை அறங்காவலரா, செயல் அலுவலரா, சுவாமிக்காகப் பேசும் அதிகாரம் யாருக்கு, குத்தகைப் பணத்துக்கு யார் கணக்குக் காட்டுவது, இதில்தான் அடிதடி எல்லாம். கல்கத்தாக் குடும்பம் ஒன்றின் குலதெய்வ விக்கிரகத்தை எங்கே வைப்பது என்ற வழக்கில், 1925-லேயே, அப்போது நமக்கு மேல்முறையீட்டின் கடைசிப் படியாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில், அந்த விக்கிரகத்தின் விருப்பத்தையும் கேட்க வேண்டும், அதை எடுத்துச் சொல்லச் சம்பந்தப்படாத ஒருவரை நியமியுங்கள் என்று சொல்லிவிட்டது.

சுவாமிக்கு நஞ்சை இருக்கிறது, தோற்றால் செலவுத் தொகை வசூலிக்க வழி இருக்கிறது. உன் மின்னணு நபரிடம் எதை ஜப்தி செய்வாய்? அதற்கு நபர் பட்டம் கட்டினால் லாபம், செய்த கம்பெனிக்குத்தான். பின்னால் ஒளிந்துகொள்ள ஒரு மறைப்பு கிடைக்கும். இந்தப் பட்டம் இல்லாமலேயே ஐரோப்பாவில் வேலை நடக்கிறதே. பழுதான பொருளால் வரும் நஷ்டத்துக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் புது உத்தரவில் மென்பொருளும் ஒரு பொருள் என்று எழுதிவிட்டார்கள், உறுப்பு நாடுகளுக்கு 2026 டிசம்பர் 9 வரை கெடு. செயற்கை நுண்ணறிவுப் பொறுப்புக்கென்று தனியாக வைத்திருந்த வரைவைத்தான் 2025-ல் கைவிடுவதாக ஐரோப்பிய ஆணையம் அறிவித்தது. ஏன் கைவிட்டார்கள் என்பதே உனக்கு ஒரு அத்தியாயத்துக்கு ஆகும்.

உன் பெரியப்பா வேறு, ‘இதுக்கெல்லாம் தனியா ஒரு எல்.எல்.எம். சட்டப் பட்டமா? 1872 காண்ட்ராக்ட் ஆக்ட் போதாதா?’ என்கிறார். அவர் சொன்னதை 1996-லேயே ஈஸ்டர்புரூக் என்ற அமெரிக்க நீதிபதி சிகாகோவில் சொல்லியிருக்கிறார். குதிரைச் சட்டம் என்று தனியாக ஒரு பாடம் இல்லை, பொதுச் சட்டத்தை ஒழுங்காகப் படித்தால் குதிரை வழக்கும் புரியும் என்று. பெரியப்பாவிடம் நான் அதைச் சொல்லவில்லை, சொன்னால் தாங்க முடியாது. வாதம் பாதி சரி. மீதிப் பாதி ஏன் சரியில்லை என்பதற்கு உதாரணம் நீ இருக்கிற நாட்டிலேயே இருக்கும்போது, நீ ஏன் ரோபோவின் ஆன்மாவைத் தேடிப் போகிறாய்?

குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை விவகாரத்தைத்தான் சொல்கிறேன். ஒரு கையெழுத்து விட்டுப்போனது, ஒரு ரசீது குறைந்தது போன்ற அற்பக் காரணத்துக்கு, வாங்கின தொகை முழுவதையும் திருப்பிக் கட்டு என்று ஆயிரக்கணக்கான குடும்பங்களை அந்த நாட்டு வரித்துறை நெருக்கியது. யாரைச் சோதிப்பது என்று பொறுக்கிக் கொடுக்க ஒரு கணினி மாடல் இருந்தது, அதில் டச்சுக் குடியுரிமை உண்டா இல்லையா என்பதும் ஒரு அளவுகோல். பெற்றோர் தங்கள் கோப்பைக் கேட்டபோது வரிவரியாகக் கறுப்படித்துக் கொடுத்தார்கள். 2021 ஜனவரி 15-ல் பிரதமர் ருட்டேயின் அரசாங்கமே ராஜினாமா செய்தது. அந்த டிசம்பரில் தனியுரிமை ஆணையம் வரித்துறைக்கு 27.5 லட்சம் யூரோ அபராதம் போட்டது.

இதில் எனக்கு வலித்த இடம் கணினி இல்லை. ‘ஒன்று முழுசாகக் கொடு, இல்லையென்றால் முழுசாகப் பிடுங்கு’ என்ற அர்த்தத்தைச் சட்டத்துக்குக் கொடுத்தவர்கள் அதிகாரிகள். 2019 அக்டோபர் வரை அதைச் சரி என்று ஏற்றுக்கொண்டது நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றமாகிய அரசு மன்றம். கணினி மாடல் பொறுக்கியது, குமாஸ்தா கடிதம் அனுப்பினார், மேலதிகாரி சட்டத்தைக் காட்டினார், நீதிபதி முன்தீர்ப்பைக் காட்டினார். எவா கொன்சாலெஸ் பெரெஸ் என்ற வழக்கறிஞர் விடாமல் முட்டியிராவிட்டால் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? அவர் கணவர் ஐந்தோவனில் நடத்திய பராமரிப்பு நிறுவனம் வழியாக வந்த பெற்றோர்கள்தான் அவருடைய கட்சிக்காரர்கள். அவர் எந்த மனுவில் என்ன கேட்டார், எங்கே கதவடைத்தார்கள் என்று வரிசைப்படி எழுது. தக்கார் இல்லாத கோயில் என்ன ஆகும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

சிரி (SyRI) என்ற இன்னொரு டச்சு அரசுக் கணினி அமைப்பையும் இதையும் குழப்பிவிடாதே, நிறையப் பேர் குழப்புகிறார்கள். அது நலத்திட்ட மோசடியைப் பிடிக்கப் பல துறைத் தகவல்களை இணைத்து, ஏழைப் பேட்டைகளில் ஓட்டிப் பார்த்தது. 2020 பிப்ரவரி 5-ல் தி ஹேக் மாவட்ட நீதிமன்றம், ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 8-ஆம் பிரிவுக்கு விரோதம் என்று அதற்கு அடிப்படையான சட்டத்தை நிறுத்தியது. வெளிப்படையாகவும் இல்லை, சரிபார்க்கவும் முடியவில்லை என்பதே காரணம். அரசாங்கம் அப்பீல் போகவில்லை. தீர்ப்பு ஆங்கிலத்திலும் இருக்கிறது, முழுசாகப் படி. வகுப்பில் தரும் சுருக்கத்தை நம்பாதே.

நம் ரேஷன் கடையில் கைரேகை மெஷின் வந்ததிலிருந்து நான் கேட்கிற வாக்கியம் ஒன்று, ‘மெஷின் எடுக்கலைம்மா.’ நாற்று நட்டு ரேகை தேய்ந்த கிழவியிடம் விற்பனையாளர் சொல்வது அது. அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கும் அதற்கு மேல் தெரியாது. வட்ட வழங்கல் அலுவலரிடம் போனால் அவர் அதையே கொஞ்சம் நல்ல தமிழில் சொல்வார். உங்கள் ஐரோப்பியச் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் 2024 ஆகஸ்ட் 1-ல் அமலுக்கு வந்தது. அரசு உதவிக்குத் தகுதி பார்க்கும் கருவிகளை அதிக ஆபத்துப் பட்டியலில் வைத்து, 14-ஆம் பிரிவில் மனிதக் கண்காணிப்பு, 86-ல் விளக்கம் கேட்கும் உரிமை என்றெல்லாம் கொடுத்திருக்கிறது. அந்தக் கிழவி எந்த ஜன்னலில், யாரிடம், என்ன தாளைக் கேட்க வேண்டும்? அந்த இரண்டு பிரிவும் இந்த இடத்தில் வேலை செய்கின்றனவா என்று டச்சு விவகாரத்தை வைத்துச் சோதித்துக் காட்டு. உன் ஆய்வு அதுதான்.

டச்சு மொழி இல்லாமல் இது நடக்காது. பெற்றோர் வழக்குகளின் தீர்ப்புகளை மொழிபெயர்ப்புக் கருவியை மட்டும் நம்பி மேற்கோள் காட்டாதே, வகுப்பில் அந்த ஊர்ப் பிள்ளை யாரையாவது பக்கத்தில் உட்கார வைத்துக்கொள். சுவாமி வழக்குகளை ஒரு அத்தியாயத்துக்கு மேல் இழுக்காதே. வழிகாட்டிக்கு அது புதுசாக இருப்பதால் இன்னும் எழுது என்பார், மயங்காதே.

பம்பர் தீர்ப்பை ஸ்கேன் செய்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஓரத்தில் இருக்கிற பென்சில் கிறுக்கல் என் சீனியருடையது, சில இடங்களில் அவர் நீதிபதியோடு சண்டை போட்டிருப்பார். புது அத்தியாயப் பட்டியலைப் பேராசிரியரிடம் கொடுப்பதற்கு முன்னால் எனக்கு அனுப்பு. அப்பா சைக்கிள் பூட்டு வாங்கினாயா என்று கேட்கச் சொன்னார்.

அன்புடன்,
அம்மா