10 நம்பர் எங்கே?

சுங்கை சிப்புட்

அன்புள்ள ராமையா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தியைப் பள்ளியில் சேர்த்தது, உன் முழங்கால் வலி, வீட்டுக்குப் பின்னால் சின்னதாகப் பட்டறை போடப்போவது எல்லாம் படித்தேன். ஓய்வு பெற்றபிறகும் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது உனக்கு, ரொம்ப சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம். லயத்து வீடுகள் இருந்த இடமெல்லாம் செம்பனை. தோட்டத்தில் நம் ஆட்கள் குறைந்துபோய், வங்காளதேசத்துப் பையன்கள்தான் அதிகம். அவர்களுடைய கப்சாய் மோட்டார்சைக்கிள்களைப் பழுதுபார்ப்பதுதான் என் கடைக்கு இப்போது பாதி வேலை.

சின்னச் சாமான் தொலையாமல் இருக்க எந்த மாதிரிப் பெட்டி வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். பெட்டியே வாங்காதே. பெட்டிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தால் இருப்பதுதான் கண்ணில் படும், இல்லாதது படாது. நமக்கு வேண்டியது அதற்கு நேர்மாறு. ஒன்று குறைந்தால் அந்தக் காலியிடம் கண்ணைக் குத்த வேண்டும்.

பாசார் மாலாமில், அதுதான் இரவுச் சந்தையில், பிள்ளைகளுக்கு நுரைப்பாய் விற்பார்களே, துண்டு துண்டாகக் கோத்துத் தரையில் விரிப்பது, அதில் சிவப்பு ஒன்றும் கறுப்பு ஒன்றும் வாங்கு. கறுப்பின்மேல் போல்ட் தலையில் மாட்டித் திருகும் சாக்கெட், ஸ்பேனர், திருப்புளி எல்லாவற்றையும் அடுக்கிப் பென்சிலால் கோடு போடு. கோட்டுக்கு மயிரிழை உள்ளே தள்ளி வெட்டினால்தான் சாமான் இறுக்கமாக உட்காரும். எடுப்பதற்கு வாகாகப் பக்கத்தில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு குழியும் வெட்டு. அப்புறம் கறுப்பைச் சிவப்பின்மேல் ஒட்டிவிடு. எடுத்த இடத்தில் சிவப்பு பளிச்சென்று தெரியும். பெட்ரோல் பட்டால் பாய் கெட்டுவிடும், அதைக் கொஞ்சம் பார்த்துக்கொள்.

10 நம்பர் சாக்கெட்டுக்கு மட்டும் இரண்டு குழி வெட்டு. ஜப்பான் வண்டிகளில் 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்குத் தலை பெரும்பாலும் 10தான். நாளெல்லாம் கையில் இருப்பது அது, அதனால் முதலில் தொலைவதும் அதுதான்.

திருகாணிகளைப் பிடித்துவைக்கும் காந்தத் தட்டு நல்ல சாமான்தான். பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய வளையக் காந்தம்கூடப் போதும். ஆனால் அதை நம்பிக் கார்புரேட்டரைப் பிரிக்காதே. உள்ளே பெட்ரோலை அளந்து விடும் ஜெட் பித்தளை, காந்தத்தில் ஒட்டாது. அரிசிமணி மாதிரி இருக்கும் அது எண்ணெய் படிந்த சிமென்டுத் தரையில் விழுந்தால் போனதுதான். நான் விளிம்பு உயர்ந்த வெள்ளை எனாமல் தட்டில், வெள்ளைத் துணி விரித்துத்தான் அந்த வேலையைச் செய்கிறேன். ஜெட் உருண்டாலும் துணி பிடித்துக்கொள்ளும், மஞ்சள் நிறமும் தெரியும். இன்னொன்று, காந்தத்தில் கிடந்த சாமானில் இரும்புத்தூள் ஒட்டியிருக்கும். துடைக்காமல் பேரிங் பக்கம் கொண்டுபோகாதே.

உன் அப்பா இயந்திரம் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்த தோட்டத்துக் கொட்டகை ஞாபகம் இருக்கிறதா? ஆளுக்கொரு நம்பர் அடித்த பித்தளை வில்லைகள் இருக்குமே. சாமானை எடுப்பவர் அது தொங்கிய ஆணியில் தன் வில்லையை மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும். அந்த முறையை இப்போது என் கடைக்குக் கொண்டுவந்துவிட்டேன். பையன்கள் இரண்டு பேருக்கும் பெரிய வாஷரில் ஆளுக்கொரு நிறம் அடித்துக் கொடுத்திருக்கிறேன். பக்கத்து லாரிப் பட்டறைக்காரர் இரவல் கேட்டால் அவருக்கும் ஒன்று, பச்சை. இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, யார் எடுத்தார் என்ற பேச்சுக்கே இடமில்லை என்பதுதான். முன்பு ஒரு ஸ்பேனர் காணவில்லை என்றால் சின்னப் பையன் முகம் வாடிவிடும், தன்மேல் பழி வருமோ என்று. வேலை கற்றுக்கொள்ள வந்த பிள்ளை அப்படி நிற்கக் கூடாது.

உன் மகன் சுபாங்கில் விமான வேலையில் இருப்பதால் இது அவனுக்குத் தெரிந்திருக்கும். 2023 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு ஏ380 விமானத்தின் இன்ஜினைச் சோதித்தவர்கள், 1.25 மீட்டர் நீள நைலான் கருவி ஒன்றை உள்ளேயே விட்டுவிட்டார்கள். விமானம் அதோடு 34 தடவை, கிட்டத்தட்ட 300 மணி நேரம் பறந்திருக்கிறது. ஆஸ்திரேலிய விசாரணை அறிக்கையில் என்னை உலுக்கியது வேறு. கருவி குறைகிறது என்று தெரிந்திருக்கிறது, தேடியும் இருக்கிறார்கள். கிடைக்காமலே விமானத்தை அனுப்பிவிட்டார்கள்.

அதனால் காலியிடம் தெரிந்தால் மட்டும் போதாது ராமையா. பாயில் ஒரு சிவப்பு தெரிந்தாலும் நான் மோட்டார்சைக்கிள் சாவியைக் கொடுப்பதில்லை, ஆள் எத்தனை அவசரப்பட்டாலும் சரி. ஒரு சாக்கெட் போனால் சில ரிங்கிட்டோடு போயிற்று. அது சங்கிலி மூடிக்குள் கிடந்து, விடியற்காலை இருட்டில் தோட்டத்துக்குப் போகிறவனின் பின்சக்கரம் பூட்டிக்கொண்டால் என்ன ஆவது? இந்த ஒன்றை நீயும் உன் பட்டறையில் கண்டிப்பாக வைத்துக்கொள். பேரன் சைக்கிளானாலும் எண்ணிப் பார்த்துவிட்டுக் கொடு.

தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக்கு வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல், பாயை நேரிலேயே வெட்டிக் காட்டுகிறேன். மகனிடம் ஒன்று கேட்டு எழுது. விமான வேலையில் துடைக்கிற துணியைக்கூட எண்ணித்தான் கொடுத்து வாங்குவார்களாமே, பாதியில் கிழிந்த துணிக்கு எப்படிக் கணக்கு வைக்கிறார்கள்?

அன்புடன்,
செல்வராசு