‘விளையாட்டு’ என்ற சொல்லுக்கு ஒன்பது அட்டை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழில் வாசகர் ஒருவர் இங்கிலாந்துத் தொலைக்காட்சியின் ‘கவுண்ட்டவுன்’ என்ற சொல், எண் போட்டியைப் பாராட்டி எழுதியிருந்தார். கடைசியில், தமிழில் 247 எழுத்துகள் இருப்பதால் அப்படியொரு விளையாட்டு நமது மொழிக்குச் சரிவராது என்று முடித்திருந்தார். சரிவரும். காரைதீவில் எங்கள் வீட்டு விறாந்தையில் இரண்டு வருடமாக அதைத் தமிழில்தான் விளையாடுகிறோம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் 31 வருடம் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். ஓய்வுக்குப் பிறகு ஒரு குளிர்காலம் முழுவதும் லண்டனில் மகள் வீட்டில் இருந்தேன். மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் நானும் சம்பந்தியம்மாவும் மட்டும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இருவரும் அந்த நிகழ்ச்சிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவோம். சம்பந்தியம்மா களுவாஞ்சிகுடியில் கணவருடன் கடை நடத்தியவர். ஆங்கிலம் அதிகம் தெரியாது. சொல் சுற்று வரும்போது எழுந்து தேத்தண்ணி போடப் போய்விடுவார். எண் சுற்று தொடங்கினால் கோப்பையோடு ஓடி வருவார்.

பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். 1982 நவம்பர் 2ஆம் திகதி சனல் 4 தொடங்கிய நாளில், அதன் முதல் நிகழ்ச்சியே இதுதான். மூலம் பிரான்சில், அங்கே 1965இலேயே சொல் விளையாட்டாக வந்துவிட்டது. சொல் சுற்றில் போட்டியாளர் உயிரா மெய்யா என்று கேட்டுக் கேட்டு ஒன்பது எழுத்து எடுக்கிறார். முப்பது செக்கனுக்குள் அவற்றால் மிக நீளமான சொல்லைச் சொல்ல வேண்டும். எழுத்துக்கு ஒரு புள்ளி, ஒன்பதையும் பயன்படுத்தினால் 18. எண் சுற்றில் ஆறு எண்கள். பெரியவை 25, 50, 75, 100. சிறியவை 1 முதல் 10 வரை. கூட்டல், கழித்தல், பெருக்கல், பிரித்தல் மட்டும் வைத்து, ஒவ்வொரு எண்ணையும் ஒரு தடவைக்கு மேல் தொடாமல், இலக்காக விழும் மூன்று இலக்க எண்ணுக்குப் போக வேண்டும். கடைசியில் குழம்பிக் கிடக்கும் ஒன்பது எழுத்துச் சொல்லொன்று. முதலில் மணியை அழுத்திச் சரியாகச் சொன்னவருக்குப் பத்துப் புள்ளி.

அந்த நாட்களில் ஒரு இளைஞன் தொடர்ந்து வென்றுகொண்டிருந்தான். ஒல்லியான பிள்ளை, கண்ணாடி போட்டவன், ஒரே சுவெட்டரைத்தான் மாற்றி மாற்றிப் போடுகிறானோ என்று எங்களுக்குச் சந்தேகம். முதல் இரண்டு நாள் நாங்கள் அவனைக் கவனிக்கவில்லை. மூன்றாம் நாளிலிருந்து சம்பந்தியம்மா அவனை ‘நம்மட பெடியன்’ என்று சொல்லத் தொடங்கிவிட்டார். ஐந்தாம் நாள் கடைசிச் சுற்று வரை பின்னால் நின்று, அந்தக் குழம்பிய சொல்லை அவிழ்த்து வென்றான். ஆனால் என் மனதில் நிற்பது வேறொரு நாள். எண் சுற்றில் இலக்கைச் சரியாக அடைந்துவிட்டதாகச் சொன்னான். வழியைச் சொல்லிக்கொண்டு வரும்போது பாதியில் நின்று, ஒரே எண்ணை இரண்டு தடவை பாவித்துவிட்டேன், பிழை என்று தானே சொன்னான். அதற்குப் புள்ளியே இல்லை. அடுத்த சுற்றுக்கு அதே முகத்தோடு பேனையை எடுத்தான். வகுப்பில் விடைத்தாளை அழித்து எழுதிவிட்டு “நான் முதலே இப்படித்தான் எழுதினேன், டீச்சர்” என்று சொல்லும் பிள்ளைகளை 31 வருடம் பார்த்தவள் நான். அதனால்தான் அது அப்படிப் பதிந்துவிட்டது போலும்.

எட்டு நாள் வென்றான். ஒன்பதாம் நாள் அந்த நாற்காலியில் வேறொருவர். எட்டு வெற்றியோடு ஒருவர் ஒதுங்கி மற்றவர்களுக்கு இடம் விட வேண்டும் என்பது விதி. பருவத்தின் முடிவில் மிகச் சிறந்த எட்டுப் பேரைத் திரும்பக் கூப்பிட்டு இறுதிப் போட்டிகள் வைக்கிறார்கள். இத்தனைக்கும் பரிசு ஒரு தேநீர்க் கேத்தல். இலட்சமும் இல்லை, காரும் இல்லை. எனக்கு அது மிகவும் பிடித்துக்கொண்டது.

அதே நிகழ்ச்சியில் 1997இல் ஒரு போட்டியாளர் செய்த கணக்கை மருமகன் கைப்பேசியில் காட்டினார். எண்கள் 25, 50, 75, 100, 3, 6. இலக்கு 952. அவர் 100ஐயும் 6ஐயும் கூட்டி மூன்றால் பெருக்கினார், 318. அதை 75ஆல் பெருக்கினார், 23,850. ஐம்பதைக் கழித்தார், 23,800. பிறகு 25ஆல் பிரித்தார், 952! பார்த்தவர்கள் அந்தப் பெரிய பெருக்கலைக் கண்டு வாய் பிளந்தார்கள். ஒரு கணித ஆசிரியைக்கு அழகு வேறு இடத்தில் இருக்கிறது. 318ஐ மூன்றால் பெருக்கினால் 954. அதில் இரண்டு போனால் 952. அந்த மூன்று வேண்டுமென்றால் 75ஐ 25ஆல் பிரிக்க வேண்டும். அந்த இரண்டு வேண்டுமென்றால் 50ஐ 25ஆல் பிரிக்க வேண்டும். 25 இருப்பதோ ஒன்று! எனவே இரண்டையும் பிரிக்காமல் வைத்திருந்து, எல்லாம் முடிந்த பிறகு ஒரே தடவையாகப் பிரித்தார். பங்கீட்டு விதி என்று கரும்பலகையில் எழுதி எத்தனை வகுப்புக்குச் சொல்லியிருப்பேன்! இந்த ஒரு கணக்கைக் காட்டியிருந்தால் அரை மணித்தியாலப் பாடம் மிச்சம்.

ஊருக்குத் திரும்பியதும் பழைய கலண்டர் மட்டைகளை வெட்டி அட்டை செய்தேன். முதலில் நானும் அந்த வாசகரைப் போலவே யோசித்தேன். க, கா, கி, கீ என்று உயிர்மெய் எழுத்துகளை அட்டையாக வைத்தால் ஒன்பது எடுத்தாலும் ஒரு சொல் அமையாது. அப்புறம்தான் முதலாம் தரத்தில் படித்தது ஞாபகம் வந்தது: க் என்ற மெய்யோடு அ என்ற உயிர் சேர்ந்தால் க. அட்டையில் தனி உயிரும் தனி மெய்யும் போதும். 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம், முப்பத்தொரு வகை அட்டையோடு வேலை முடிந்தது. 247உம் அவற்றுக்குள் அடக்கம். மட்டக்களப்பு என்ற பெயர் எழுத்தாக எண்ணினால் எட்டு, பிரித்து அடுக்கினால் 13 அட்டை. சனிக்கிழமைகளில் விளையாட வரும் பிள்ளைகளுக்கு இப்படிப் பிரிப்பதே ஒரு விளையாட்டாகிவிட்டது.

எல்லா அட்டையையும் சம அளவில் வைத்தது என் பிழை. முதல் சனிக்கிழமை ஔ, ங், ஞ் மூன்றும் ஒன்றாக வந்து விழுந்தன. ஒருவராலும் ஒரு சொல்லும் சொல்ல முடியவில்லை. பிறகு உங்கள் பத்திரிகையின் ஒரு பக்கத்தையே எடுத்து, எந்த ஒலி எத்தனை தடவை வருகிறது என்று பென்சிலால் கோடு போட்டு எண்ணினேன். அதன்படி இப்போது அ மட்டும் 12 அட்டை, ஔ ஒன்றே ஒன்று.

போன மாதம் இப்படி ஒன்பது விழுந்தது: இ, ஆ, உ, ஐ, ட், ட், ள், வ், ய். ஒரு பிள்ளை ‘வாளி’ என்றாள், நான்கு. இன்னொருத்தி ‘வாடை’, அதுவும் நான்கு. தரம் எட்டில் படிக்கும் பெடியன் ஒருவன் ‘விளையாடு’ என்றான், எட்டு. நாங்கள் கைதட்டிக்கொண்டிருக்கும்போதே மிச்சமிருந்த ட் அட்டையைக் கையால் தள்ளி நடுவில் வைத்தான். ‘விளையாட்டு’. ஒன்பது! பாடசாலையில் தமிழ்ப் பாடத்தில் நாற்பதைத் தாண்டாத பிள்ளை அவன்.

எண் சுற்றில் பிள்ளைகளை இன்னும் யாரும் வெல்லவில்லை, சம்பந்தியம்மாவைத் தவிர. அவர் இப்போது களுவாஞ்சிகுடிக்கே திரும்பிவிட்டார். வந்த அன்று இலக்கு 628, கையில் 75, 9, 8, 4, 3, 2. பிள்ளைகள் கடதாசியில் கிறுக்கிக்கொண்டிருக்க, “எழுபத்தஞ்சை எட்டால பெருக்கு, அறுநூறு. ஒன்பதில ரெண்டு போனா ஏழு. நாலேழு இருபத்தெட்டு” என்று வெற்றிலையை மடித்தபடியே சொல்லிவிட்டார்.

தீராத வழக்கு ஒன்றும் இருக்கிறது. ஒரு பிள்ளை ‘மறுகா’ என்று ஆறு அட்டையை அடுக்கினாள். பிறகு என்பதற்கு நம்முடைய பக்கத்தில் எல்லோர் வாயிலும் இருக்கும் சொல். மாளிகைக்காட்டிலிருந்து வரும் பிள்ளை ‘வாப்பா’ என்று ஐந்து அட்டை வைத்தது. இரண்டையும் நான் ஏற்றுக்கொண்டேன். ஆனால் தொலைக்காட்சியில் நடத்தினால் நடுவர் மேசையில் எந்த அகராதி இருக்கும்? சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட பேரகராதி இருக்கட்டும், நல்லது. அதன் பக்கத்தில் மட்டக்களப்பு, அம்பாறைப் பேச்சுச் சொற்களைத் தெரிந்த ஒருவரும் உட்கார வேண்டும். நம் பிள்ளை வீட்டில் பேசும் சொல்லைத் தமிழில்லை என்று திரையில் சொல்லிவிட்டால் அது அடுத்த தடவை வாயே திறக்காது.

தொலைக்காட்சிகளில் பாட்டுப் போட்டி இருக்கிறது, நடனம் இருக்கிறது, குறுஞ்செய்தி அனுப்பிப் பரிசு வெல்லும் கேள்விகள் இருக்கின்றன. ஒரு நிலையத்துக்கு அட்டை மாதிரிகளோடு இரண்டு தடவை எழுதினேன், பதில் இல்லை. சாதாரண தரம் முடிந்ததும் கலைப் பிரிவு, கணிதப் பிரிவு என்று பிள்ளைகளைப் பிரிக்கிறோம். அதற்குப் பிறகு ஒரு பகுதிக்குக் கணக்கு வராது, மறு பகுதிக்குத் தமிழ் வராது என்று அவர்களே நம்பிவிடுகிறார்கள். 1892இல் எங்கள் ஊரில் பிறந்த விபுலாநந்த அடிகள் லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. தமிழ்ப் பேராசிரியரும் அவரே. யாழ் நரம்புகளின் சுருதியைக் கணக்கிட்டு நூல் எழுதியவர் அவர். அவருடைய சிலையைக் கடந்து ரியூசனுக்குப் போகும் பிள்ளைக்கு எழுத்தும் எண்ணும் ஒரே மேசையில் இருப்பதைத் திரையில் ஒருநாள் காட்டக் கூடாதா?

எந்த நிலையமாவது முன்வந்தால் எந்த எழுத்துக்கு எத்தனை அட்டை என்ற கணக்கை முழுமையாக எழுதித் தருவேன். பரிசுக்கு ஒரு கேத்தல் போதும். சனிக்கிழமை பின்னேரம் நான்கு மணிக்கு வந்து பார்க்க விரும்புவோரும் வரலாம். காரைதீவில் கணக்கு டீச்சர் வீடு என்று கேட்டால் காட்டுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
காரைதீவு, அம்பாறை மாவட்டம்.