அடுத்த சுவரில் ஸ்கேன் மையம்: கதிர்வீச்சை அளந்து எழுதி ஒட்டக் கோரும் மனு

அனுப்புநர்
ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர்,
தோட்டப்பாளையம், வேலூர்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், வேலூர்.

பொருள்: ஸ்கேன் மையத்தை ஒட்டிய வீட்டில் கதிர்வீச்சு அளவை அளக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் வீட்டுக்கும் பக்கத்துக் கட்டடத்துக்கும் நடுவில் இருப்பது ஒரே சுவர். முன்பு அங்கே துணிக்கடை இருந்தது. இப்போது எக்ஸ்ரேயும் சி.டி. ஸ்கேனும் எடுக்கும் மையம். அந்தச் சுவரை ஒட்டித்தான் முழுகாமல் இருக்கும் என் மருமகளின் கட்டில் கிடந்தது. போன மாதம் அதைக் கூடத்துக்கு மாற்றிவிட்டோம்.

ஸ்கேன் மையமே கூடாது என்று நான் சொல்லவில்லை. வங்காளத்திலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்கு அறை வாடகைக்கு விட்டுத்தான் எங்கள் தெருவில் பாதிப் பேர் பிழைக்கிறார்கள். ஆனால் விசாரித்தால், "ஒண்ணும் ஆகாது சார்" என்கிறார் மைய ஊழியர். "பத்து வருஷத்தில் தெருவுக்கே கேன்சர்" என்கிறது வாட்ஸ்அப். இரண்டையும் நம்ப எனக்கு மனம் வரவில்லை.

ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர் பிழைத்தவர்களை 1950 முதல் கண்காணித்து வருகிறார்கள். சுமார் 100 மில்லிசீவர்ட்டுக்கு (உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) மேல் புற்றுநோய் கூடுவது அதில் தெளிவாகத் தெரிந்தது. அதற்குக் கீழே போனால், கதிர்வீச்சால் கூடுவது, வழக்கமாக வரும் புற்றுநோய் எண்ணிக்கைக்குள் கரைந்துவிடுகிறது. அதனால், அளவு கூடக் கூட ஆபத்தும் கூடுவதாக மேலே கிடைத்த வரைபடக் கோட்டையே பூச்சியம்வரை நேராக இழுத்து, சிறிய அளவுக்கும் சிறிய ஆபத்து உண்டு என்று வைத்துக்கொள்கிறார்கள். 2005இல் பிரான்ஸின் அறிவியல், மருத்துவக் கழகங்கள் அந்த நேர்கோட்டுக் கணக்கை ஏற்கவில்லை. மறு வருடமே அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் குழு அதுதான் பொருத்தம் என்றது. கொல்லம் பக்கத்துக் கருநாகப்பள்ளியில் கடல் மணலிலேயே கதிர்வீசும் தோரியம் இருக்கிறது. அங்கே புற்றுநோய் கூடவில்லை என்று 2009இல் ஓர் ஆய்வு வந்தது. ஆனால் மூன்று நாட்டு அணுசக்தித் தொழிலாளர்கள் 3 லட்சம் பேரை ஆராய்ந்த 2015 ஆய்வில், அளவு கூடக் கூட ஆபத்தும் சற்றுக் கூடியது. விஞ்ஞானிகளே இன்னும் முடிக்காத வழக்குக்கு மைய ஊழியர் தீர்ப்பு சொல்லிவிட்டார்!

விளைவில்தான் சந்தேகம், அளவில் இல்லை. கருவியைச் சுவரருகே வைத்து அளந்தால் தெரிந்துவிடும். இயற்கையிலிருந்து உலக மக்களுக்குக் கிடைக்கும் சராசரி, வருடத்துக்குச் சுமார் 2.4 முதல் 3 மில்லிசீவர்ட். அது போக, சிகிச்சையும் சேராமல், பொதுமக்களுக்கு வருடத்துக்கு 1 மில்லிசீவர்ட்தான் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு. வயிற்று சி.டி. ஒன்றிலேயே 8, 10 மில்லிசீவர்ட் உடலுக்குள் போய்விடும். நோயாளிக்கு அதனால் நன்மை உண்டு. சுவருக்கு இந்தப் பக்கம் தூங்குகிறவளுக்கு என்ன நன்மை?

சி.டி. இயந்திரத்துக்கு அந்த வாரியத்தின் உரிமம் வேண்டும். காட்டச் சொன்னேன், முதலாளி சென்னையில் இருக்கிறாராம்.

ஆகவே, மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநர் மூலம் உரிமத்தையும், சுவரின் கனத்தையும், கதவின் ஈயத் தகட்டையும் சரிபார்க்க உத்தரவிடுங்கள். இயந்திரம் ஓடும்போதே எங்கள் படுக்கையறையில் அளந்து, அந்த எண்ணைத் தமிழில் எழுதி மைய வாசலில் ஒட்டச் செய்யுங்கள். அப்புறம் இன்னொன்று: சி.டி. எடுத்தவருக்கு எவ்வளவு கதிர்வீச்சு என்று இயந்திரமே காட்டுகிறது. எனக்குத் தந்த அறிக்கையில் அது இல்லை. அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

வரம்புக்குள் இருந்தால் சரி, கட்டிலைப் பழைய இடத்திலேயே போட்டுவிடுகிறோம். அதுவரை அது கூடத்தில்தான் கிடக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)