எண்ணெய் விலை ஏறிய நாளில் கைகொடுத்தவர்களுக்கு

மும்பை தாராவியில் 90 அடி ரோட்டுக்குப் பின்னால், கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டிய இரும்பு ஏணிக்கு மேலே இருக்கிறது எங்கள் முறுக்குப் பட்டறை. தீபாவளிச் சரக்கில் கடைசிப் பை இறங்கிப் போனதும் இதை எழுத உட்கார்ந்தேன். நேரில் நன்றி சொன்னால் “அட, போங்கக்கா” என்று கையை உதறிவிடுகிற ஆட்கள். அதனால்தான் நாலு பேர் பார்க்க எழுதுகிறேன்.

2022 பிப்ரவரியில் உக்ரைனில் சண்டை தொடங்கியதும் சூரியகாந்தி எண்ணெய் வரத்து அடிபட்டது. ஏப்ரல் 28 அன்று இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது. மே 23இல் தடையை எடுத்துவிட்டார்கள், மூன்றரை வாரம்தான். ஆனால் அதற்கு முன்பே ஏறத் தொடங்கிய விலை எங்கள் கைமுதலைத் தின்றுவிட்டது. அதுவரை இந்தோனேசியா எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட நான் யோசித்ததில்லை.

முதல் நன்றி மளிகைக்கடை அண்ணாச்சிக்கு. எனக்குக் கடன் தர மறுத்ததற்காக. ஆமாம், மறுத்ததற்காகத்தான். பத்து டின் கேட்டுப் போய் நின்றேன். “கடனுக்கு எண்ணெய வாங்கி நஷ்டத்துக்கு முறுக்க வித்தேன்னா உனக்கும் பாக்கி, எனக்கும் பாக்கி. தெனம் அரை டின் ரொக்கத்துக்கு எடுத்துட்டுப் போ தாயி. அன்னன்னைக்கு என்ன வெலையோ அதப் போட்டுக் கணக்குப் பாரு” என்றார். அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவரைத் திட்டினேன். ஆனால் தினமும் அரை டின் சில்லறையாக அளந்து தந்தவர் அவர் ஒருவர்தான். அந்தக் கடனை அன்று வாங்கியிருந்தால் இன்று இந்த ஏணியில் வேறு யாரோ ஏறிக்கொண்டிருப்பார்கள்.

அடுத்தது எதிர் அறை வீட்டுப் பெண். பி.காம். படிக்கிறாள். சின்னத் தராசு ஒன்றைக் கொண்டுவந்து, ஒவ்வொரு பலகாரமும் போடுவதற்கு முன்னும் பின்னும் எண்ணெய்ச் சட்டியை எடைபோடச் சொன்னாள். பதினாறு வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். எது எவ்வளவு எண்ணெய் குடிக்கிறது என்று ஒரு நாளும் நிறுத்துப் பார்த்ததில்லை. ஒரு வாரம் நோட்டில் எழுதினோம். அதிகம் விற்கிறது என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த ரிப்பன் பக்கோடாதான் கிலோவுக்குக் கிலோ கையைக் கடித்திருக்கிறது. ஓரமாகக் கிடந்த தட்டைதான் வீட்டு வாடகை கட்டிக்கொண்டிருந்தது! பக்கோடாவை ஆர்டருக்கு மட்டும் என்று வைத்தோம். பிறகு என் பழைய டைரியைப் புரட்டி, ஒரு காலத்தில் வாங்கி அப்புறம் நின்றுபோனவர்களின் நம்பர்களை எல்லாம் எடுத்தாள். “புது ஆளத் தேடாதீங்க ஆன்ட்டி. இவங்களுக்கு மொதல்ல போன் போட்டு ஏன் நிறுத்தினாங்கன்னு கேளுங்க” என்றாள். கூச்சமாக இருந்தது. கேட்டேன். பாதிப் பேர் சொன்ன காரணம் ஒன்றுதான்: “நீங்க வரலை, நாங்க மறந்துட்டோம்.”

நடுவில் ஓட்டல் ஹாலில் ஒரு தன்னம்பிக்கைக் கூட்டத்துக்கும் பணம் கட்டிப் போனேன். எழுந்து நின்று கைதட்டச் சொன்னார்கள், தட்டினேன். வெளியே வந்தபோது எண்ணெய் விலை போன இடத்திலேயேதான் இருந்தது.

மாட்டுங்கா மாமிக்கு நன்றி சொல்வதற்கு முன்னால் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். எங்களுடையது கைமுறுக்கு, அச்சில் பிழிவதில்லை. மாவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் முறுக்கி முறுக்கித் துணிமேல் சுற்றாக விடுவோம். ஏழு சுற்று. அந்த மே மாதம் விலையை ஏற்றப் பயந்து, சத்தமில்லாமல் ஐந்து சுற்றாக்கினேன். மாமி பையைப் பிரித்தார், ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார், விரல் வைத்து எண்ணினார். “சுத்து கொறஞ்சிருக்கேடி. வெல ஏத்தணும்னா வாயத் தொறந்து சொல்லு. இப்படிப் பண்ணினா என்னை ஏமாத்தறேன்னு அர்த்தம்.” எனக்கு முகம் சுண்டிவிட்டது. மறுநாளே ஏழு சுற்றுக்குத் திரும்பினேன். எண்ணெய் விலையைச் சொல்லி, புது விலையை எழுதி ஒவ்வொரு பையிலும் ஒரு சீட்டு வைத்தேன். எல்லாரும் தொடர்ந்து வாங்கினார்கள் என்று பொய் சொல்ல மாட்டேன். சிலர் விட்டுப் போனார்கள். போனதைவிட மாமி தன் பில்டிங்கில் சேர்த்துவிட்ட வீடுகள் அதிகம்.

சயானில் உட்கார்ந்து கணக்கு எழுதும் சாருக்கும் சொல்ல வேண்டும். பெரிய பலகாரக் கடை ஒன்று ஐந்து மாதமாக என் பணத்தை இழுத்தடித்துக்கொண்டிருந்தது. சார் எனக்கு உத்யம் பதிவு, அதாவது சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவு, போட்டுக்கொடுத்தார். அதற்குக் கட்டணமே கிடையாது. பில்லில் அந்த நம்பரை அச்சடிக்கச் சொன்னார். 2006ஆம் வருஷத்துச் சட்டப்படி, என்னைப் போன்ற சிறு உற்பத்தியாளருக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். இல்லாவிட்டால் 15 நாள். இது யாருக்கும் பயமில்லாத சட்டமாகத்தான் கிடந்தது. 2023–24 கணக்கு வருஷத்திலிருந்து வருமான வரியிலும் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டார்கள்: கெடு தாண்டினால், பணம் கொடுக்கும் வரை அந்தச் செலவை வாங்கியவர் தன் கணக்கில் கழித்துக்கொள்ள முடியாது. சார் சொன்னபடி பணிவாக ஒரு கடிதம் எழுதினேன். 2024 மார்ச் கடைசி வாரத்தில் முழுப் பணமும் வந்தது. (சரக்கை வாங்கி அப்படியே விற்கிற வியாபாரிகளுக்கு இந்தச் சலுகை கிடையாது, தோழிகள் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.) சார் ஃபீஸ் வாங்கவில்லை. சீடை கேட்டார்.

என்னோடு முறுக்குச் சுற்றுகிற சுற்றுக்காரிகள் நாலு பேருக்கும் என்ன சொல்ல? “ஒருத்தியையும் நிறுத்தாதீங்க, எல்லாரும் வாரத்துக்கு நாலு நாள் வர்றோம்” என்று தாங்களாகவே வந்து சொன்னவர்கள். இப்போது ஆறு நாளும் வருகிறார்கள்.

பழைய வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்டும் தாராவி மறுசீரமைப்புக்காக 2024இல் கணக்கெடுப்பு தொடங்கியதிலிருந்து எங்கள் சந்தில் வேறு பேச்சே இல்லை. அடுத்த தீபாவளிக்கு எங்கே இருப்போம் என்று தெரியாமல் மாவு மெஷின் வாங்குவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். “நாலு பேர் தூக்கி இறக்கக்கூடியதா வாங்குங்க” என்று சாரே ஒரு வழி சொன்னார். வாங்கிவிட்டேன். நாலு பேரும் யார் என்று அவர்களுக்கே தெரியும்.

மாமி, உங்கள் பை தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். நாளைக்குக் கொண்டுவருகிறேன். எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.