பாசிக்கரையிலிருந்து நிதி அமைச்சகத்துக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய ஒன்றிய நிதி அமைச்சக அதிகாரிகளுக்கு, பாம்பன் சின்னப்பாலத்திலிருந்து வணக்கம்.

கார்பனுக்கு, அதாவது நிலக்கரி, டீசல் எரித்து வரும் புகைக்கு, விலை வைத்தால் மக்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்கிறார்கள். எங்கள் ஊரைப் பார்த்து வளர்ந்த எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

என் அம்மா கடல்பாசி எடுப்பவர். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி முங்குவார். துணியையும் தாண்டிப் பாறை கிழிக்கும். உப்புத் தண்ணீர் பட்ட எரிச்சல் ராத்திரி வரை போகாது. அந்த வேலையிலும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மாதம் 12 நாள்தான் கடலுக்குப் போவது என்று பெண்களே கூடிப் பேசி வைத்துக்கொண்டார்கள். விட்ட நாளில் பாசி வளர்வது கண்ணுக்குத் தெரிகிறது. அதனால் கையில் காசு குறைந்தாலும் பொறுத்துக்கொள்கிறார்கள்.

உங்கள் கணக்கில் எங்களுக்கு அப்படி எதுவும் தெரிவதில்லை. 2010-இல் தூய்மையான எரிசக்திக்கு என்று சொல்லி நிலக்கரி டன்னுக்கு 50 ரூபாய் செஸ், அதாவது குறிப்பிட்ட ஒரு காரியத்துக்கான கூடுதல் வரி, போட்டீர்கள். அந்த வருஷம்தான் மன்னார் வளைகுடாவில் கடல் சூடேறிப் பவளப்பாறை வெளுத்தது. 2016-இல் செஸ் 400 ரூபாய் ஆனது. பாறை மறுபடி வெளுத்தது. மறு வருஷம் ஜிஎஸ்டி வந்ததும் அதே 400 ரூபாய் மாநிலங்களுக்கு இழப்பீடு கொடுக்கும் செஸ்ஸாக மாறிவிட்டது. மாநிலங்களுக்குக் கொடுத்தது தப்பில்லை. ஆனால் வாங்கும்போது சொன்னது ஒன்று, போய்ச் சேர்ந்த இடம் வேறு. 2025-இல் அந்த செஸ்ஸையும் எடுத்துவிட்டு நிலக்கரிக்கான ஜிஎஸ்டியை 18 சதவீதமாக்கினீர்கள். இதில் எங்கள் கடலுக்கு என்ன வந்தது என்று யாரைக் கேட்பது?

கனடாவில் கார்பன் விலையாக எரிபொருளுக்கு வாங்கிய பணத்தில் பெரும்பகுதியை வீடுகளுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். ஆனாலும் வங்கியில் விழுந்தது எதற்கான பணம் என்று நிறையப் பேருக்குத் தெரியவில்லை. 2025 ஏப்ரலில் பொதுமக்கள் எரிபொருளுக்கான கட்டணத்தையே நிறுத்திவிட்டார்கள்.

2023-இல் ஒன்றிய மின்சார அமைச்சகம் அறிவித்த கார்பன் கிரெடிட் வர்த்தகம் (குறித்த அளவைவிடப் புகையைக் குறைத்த ஆலை அந்த மிச்சத்தை மற்ற ஆலைக்கு விற்பது) இப்போதைக்குப் பெரும்பாலும் ஆலைகளைப் பற்றியது, சரி. நாளைக்கு டீசலுக்கும் விலை வைத்தால்? வள்ளத்து டீசல் காசைப் பெண்கள்தான் பங்கு போட்டுக் கொடுக்கிறார்கள். பாசிக்கு விலை சொல்வதோ வியாபாரி. கூடுதல் செலவை அவரிடம் கேட்டு வாங்க முடியாது. அதனால் வள்ளத்துக்கு ஈடு என்ன என்பதை முதலில் சொல்லுங்கள், அப்புறம் விலையைப் பேசலாம்.

ரேஷன் கடையில் அரிசி இருப்பு எழுதும் பலகை இருக்கிறதே, அதில் இன்னும் இரண்டு வரி சேருங்கள்: இந்த மாவட்டத்துக்கு வந்த கார்பன் பணம் இவ்வளவு, செலவானது இதற்கு. அம்மா எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவார்.

இப்படிக்கு,
பாசி எடுப்பவரின் மகள்